கைக்கேற்ற கீபோர்டு

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் எழுதினார். 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தார். நாள் முழுக்க இறகுப் பேனா பிடித்துப் பத்திரமும் கணக்கும் எழுதியவர்கள் அவர்கள். அவர்களுடைய உபாதைக்கு அவர் மூன்று காரணங்களைச் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே போக்கில் இடைவிடாமல் அசைவது, தப்பு வந்துவிடக் கூடாதே என்று மனம் இறுகிக் கிடப்பது. தனக்குத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரைப் பற்றியும் குறித்து வைத்திருக்கிறார். எழுதி எழுதி அவருக்கு வலது கை விளங்காமல் போயிற்று. மனம் தளராமல் இடது கையால் எழுதப் பழகினார். கொஞ்ச காலத்தில் இடது கைக்கும் அதே நோய் வந்தது.

சப்டைட்டில் எழுதுவது என் தொழில். வசனத்தைக் கேட்டு, நிறுத்தி, எழுதி, அழித்து, சுருக்கி, மறுபடி ஓட்டிப் பார்க்கும் வேலை. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எரிச்சல் தொடங்கியபோது பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன முதல் யோசனை, மவுஸை இடது கைக்கு மாற்று என்பதுதான். ராமஸ்ஸினியின் பத்திர எழுத்தரைப் பற்றிப் படித்திருந்ததால் நான் வேறு வழி தேடினேன். அசைவையே மாற்றும் கருவி எனக்கு வேண்டியிருந்தது. கருவி எது கையில் கிடைத்தாலும் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் தேடல் கடையோடு நிற்காமல் பழைய காப்புரிமைப் படங்களுக்குள்ளும் போயிற்று. அங்கே நான் கண்ட நல்ல கருவி ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய நொந்த கை இருந்தது, அல்லது பிறர் கையை உன்னிப்பாகப் பார்த்த ஒருவர் இருந்தார்.

கணினிக்கு வெகு முன்பே இது தந்தியில் தொடங்கிவிட்டது. மோர்ஸ் சாவி மேலும் கீழும் மட்டுமே அசையும். நாள் முழுக்கப் புள்ளியும் கோடும் அடித்தவர்களின் கை ஒரு கட்டத்தில் சொன்ன பேச்சைக் கேட்காது. பிரிட்டனில் 1908இல் இந்தத் தந்திக்காரர் பிடிப்பு, நஷ்டஈடு தர வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் ஏறியது. 1911இல் இதை ஆராய்ந்த அரசுக் குழு, திரும்பத் திரும்ப நேரும் தசைச் சோர்வோடு ஆளின் நரம்புத் தளர்ச்சியும் சேர்ந்துதான் நோய் வருகிறது என்று அறிக்கை கொடுத்தது. உழைத்து நொந்தவர் மேலேயே பாதிப் பழியைப் போட்ட அந்த முடிவு எனக்கு இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவில் ஹோரஸ் மார்ட்டின் என்பவர் அதற்குள் காரியத்தில் இறங்கியிருந்தார். 1904இல் காப்புரிமை பெற்ற அவருடைய சாவி பக்கவாட்டில் அசையும். கட்டைவிரலால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தால் உள்ளே ஒரு எடைக்கோல் அதிர்ந்து புள்ளிகளைத் தானே அடித்துக்கொண்டு போகும். கோட்டுக்கு மட்டும் விரல் மறுபக்கம் தள்ள வேண்டும். வைப்ரோபிளெக்ஸ் என்ற பெயரில் வந்த இதைத் தந்திக்காரர்கள் சொந்தக் காசில் வாங்கி, பெட்டியில் வைத்து வேலைக்கு எடுத்துப் போனார்கள். அலுவலகம் தந்த கருவியை ஒதுக்கிவிட்டுத் தன் கருவியைத் தூக்கிப்போகும் அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

தட்டச்சுப் பொறியில் இப்படி ஒரு மார்ட்டின் கிடைக்க நெடுங்காலம் ஆனது. மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் 1868இல் காப்புரிமை பெற்ற பொறியை, துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் எடுத்து 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தையல் மெஷின் மேசையைப் போன்ற தாங்கியில்தான் அது நின்றது. வரி முடிந்ததும் காலால் மிதித்தால் வண்டி திரும்பும். அடுத்து வந்த மாதிரிகளில் மிதி போய், அந்த வேலையும் கைக்கே வந்து சேர்ந்தது. விசைகளின் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் போகிறது. ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் போக வேண்டுமென்றால் மேல் வரிசை விசைக்கு நேர் கீழே அடுத்த வரிசை விசையை வைக்க முடியாது. கொஞ்சம் தள்ளித்தான் வைக்க வேண்டும். அதனால் எல்லா வரிசையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. வலது கைக்கு அந்தச் சாய்வு ஏதோ ஒத்துவரும். இடது கைக்கு நேர் எதிர். இன்றைய லேப்டாப்பில் நெம்புகோலே கிடையாது. சாய்வு மட்டும் அப்படியே இருக்கிறது.

கும்பகோணத்தில் பள்ளி விடுமுறையில் அப்பா என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தபோது இதெல்லாம் தெரியாது. ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று ஒரு முழுத்தாளை நிரப்புவதுதான் முதல் பாடம். "கீழ பாக்காதம்மா, விரலுக்குத் தெரியும்" என்பார் சார். நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் லோயர், 45 என்றால் ஹையர். அந்த இரும்பு விசைகளில் சுண்டுவிரலால் ஏ அடிப்பதற்குள் தோள்பட்டை வரை அசையும். ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பழைய பொறி, தாளை மாற்ற, வண்டியைத் தள்ள, ரிப்பனைத் திருப்ப என்று அடிக்கடி கையை எடுக்க வைத்தது. கணினி வந்ததும் அந்த இடைவெளிகள் எல்லாம் போயின. விசை லேசானது, ஓய்வு இல்லாமல் போனது.

சாய்வும் நெருக்கமும் கைக்கு ஆகாது என்பதை முன்பே சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் எரிக் குளோக்கன்பெர்க் 1926இல் எழுதிய நூலில் விசைகளை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கையின் திசைக்குத் திருப்பி வைக்கச் சொன்னார். ஒன்றோடொன்று ஒட்டிய கீபோர்டில் கை வைக்கும்போது முன்கைகள் உள்நோக்கி வருகின்றன, மணிக்கட்டு வெளிநோக்கி மடிகிறது. பிரித்து வைத்தால் மடியாது. இவ்வளவு எளிய விஷயம் சாதாரண அலுவலக மேசைக்கு வர 60 வருஷத்துக்கு மேல் ஆனது. சியாட்டிலில் கல்விப் பேராசிரியராக இருந்த ஆகஸ்ட் டுவோராக் வேறு பக்கம் போனார். பொறியை விட்டுவிட்டு எழுத்துகளின் இடத்தை மாற்றினார். ஆங்கில உயிரெழுத்துகள் இடது கையின் கீழ், அடிக்கடி வரும் மெய்கள் வலது கையின் கீழ், இரண்டும் நடு வரிசையில். 1936இல் காப்புரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லோரும் அதன் வேகத்தைப் பற்றியே சண்டை போட்டார்கள். விரல் எவ்வளவு குறைவாக நடக்கிறது என்ற நல்ல கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பெயர் லில்லியன் மால்ட். கீபோர்டில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். எத்தனையோ கைகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். விரல்கள் ஒரே நீளம் இல்லை. கீபோர்டோ தட்டையாக இருக்கிறது. சுண்டுவிரல் மெலிந்தது, ஷிஃப்ட், என்டர், பேக்ஸ்பேஸ் எல்லாம் அதன் தலையில். கட்டைவிரல்தான் உரமானது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு நீளக் கட்டை. பொறியாளர் ஸ்டீபன் ஹாப்டேயும் மால்ட்டும் சேர்ந்து 1970களில் இங்கிலாந்தில் செய்த மால்ட்ரான் கீபோர்டு இத்தனைக்கும் பதில் சொன்னது. விசைகள் இரண்டு குழிகளில் உட்கார்ந்திருக்கும். நடுவிரலின் நிரை ஆழத்தில், சுண்டுவிரலின் நிரை மேடாக. நிரைகள் நேராக இருக்கும், சாய்வு இல்லை. கட்டைவிரல் இரண்டுக்கும் தனித்தனிக் கொத்து. மால்ட்டின் எழுத்து வரிசையில், ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்தான ஈ இடது கட்டைவிரலுக்குப் போனது. ஒரு கை மட்டும் இயங்குபவர்களுக்கு இடக்கை, வலக்கை என்று தனித்தனி மாதிரிகளும் வந்தன.

அந்தக் குழியை அமெரிக்காவில் 1992இல் பலருக்கும் கிடைக்கும்படி செய்தது சியாட்டில் பக்கத்துக் கினெசிஸ் நிறுவனம். கலிஃபோர்னியாவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பிய ஒருவரிடமிருந்து பழைய கினெசிஸ் ஒன்று எனக்குக் கிடைத்தது. முதலில் சில நாள் விரல்கள் திக்கின, கும்பகோணத்துச் சாருக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி. பிறகு ஒரு மதியம் வேலை ஓட்டத்தில்தான் கவனித்தேன், தோள்கள் இறங்கியிருந்தன. பேக்ஸ்பேஸ் இடது கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. எழுதுவதைவிட அழிப்பது அதிகம் என்கிற என் தொழிலில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சப்டைட்டில்காரர்களுக்குத் தெரியும். ஒருவர் பிறர் கைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது, அவர் பார்க்காத என் கைக்கும் சரியாகப் பொருந்தியது.

மவுஸின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனையை 1964இல் பில் இங்கிலிஷ் மரக்கட்டையில் செய்தார். கீழே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரம். ஆனால் அவர்கள் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் செய்த சோதனைகளில் மவுஸோடு சேர்த்து வேறு கருவிகளையும் வைத்துப் பார்த்தார்கள். ஒளிப்பேனா இருந்தது, ஜாய்ஸ்டிக் இருந்தது, மேசைக்கு அடியில் முழங்காலால் அசைக்கும் ஒரு கருவியும் இருந்தது. முழங்காலை இடம் வலமாக ஆட்டினால் திரையில் குறி இடம் வலமாகப் போகும். பாதத்தை ஊன்றி முழங்காலை உயர்த்தினால் மேலே போகும். 1967இல் வெளியான முடிவுகளில், பழகியவர்களுக்கு மவுஸ் சிறப்பாக வந்தது. புதியவர்களுக்கோ முழங்கால் கருவி கைகொடுத்தது. ரெமிங்டன் பொறியில் போன கால், இங்கே ஒரு நிமிஷம் திரும்ப வந்து மறுபடி போய்விட்டது. நான் இப்போது வீடியோவை நிறுத்துவதற்கும் ஓட்டுவதற்கும் மேசைக்கு அடியில் மிதி வைத்திருக்கிறேன். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்பவர்கள் பல காலமாக வைத்திருக்கும் அதே மிதிதான். ஒவ்வொரு வசனத்துக்கும் கை செய்த இரண்டு வேலை காலுக்கு இறங்கிவிட்டது.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் தன் கணினியை அரங்கில் காட்டியபோது அவருடைய வலது கையில் மவுஸ் இருந்தது. இடது கையின் கீழ் ஐந்து விசைகள் இருந்தன. விசைகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் அழுத்தினால் 31 கூட்டு கிடைக்கும். ஆங்கில எழுத்து முழுக்க அதற்குள் அடங்கிவிடும். கையை நகர்த்தவே வேண்டாம். மவுஸை உலகம் எடுத்துக்கொண்டது, ஐந்து விசையை விட்டுவிட்டது. கற்க நேரம் பிடிக்கும் என்பது காரணம். கைக்கு நல்லது செய்யும் கருவிகள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தோற்றிருக்கின்றன. சூலு என்ற திரைப்படத்தை இயக்கிய சை எண்ட்ஃபீல்ட் கூட இதே வழியில் ஆறு விசை கொண்ட மைக்ரோரைட்டர் என்ற கையடக்கக் கருவியைப் பிரிட்டனில் கொண்டுவந்தார். சினிமா இயக்குநர் ஒருவர் எழுதும் கருவிக்காக இவ்வளவு மெனக்கெட்டது சப்டைட்டில்காரியான எனக்குத் தனி சந்தோஷம்.

மவுஸுக்கு முன்பே பந்து இருந்தது. 1952 வாக்கில் கனடா கடற்படையின் ரகசியத் திட்டம் ஒன்றுக்காக டாம் கிரான்ஸ்டன், ஃபிரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் ஆகியோர் செய்த டிராக்பாலில் உருண்டது, அந்த நாட்டில் ஆடும் ஐந்து முளை பௌலிங் பந்து. பிரிட்டிஷ் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் அதற்கும் முன்னால், 1946இல், ஒன்று செய்திருந்தார். மவுஸில் கை முழுவதும் பயணம் போகிறது; டிராக்பாலில் கை இருந்த இடத்திலேயே இருக்க, பந்து பயணம் போகிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கியதைச் சுத்தம் செய்ய அடிக்கடி பந்தை வெளியே எடுப்பேன். புள்ளி புள்ளியான அந்தப் பந்தை உள்ளிருக்கும் உணரி படித்துக்கொண்டே இருக்கிறது. 1990களின் நடுவில் லாஜிடெக் கொண்டுவந்த இந்த முறையில் பந்து உரசும் உருளைகள் இல்லை, அழுக்கு சேர்ந்து சிக்குவதும் குறைவு. கட்டைவிரலால் உருட்டும் வகை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டைவிரல் ஏற்கெனவே கீபோர்டில் நிறைய வேலை செய்கிறது. நடுவில் பெரிய பந்து, இரண்டு மூன்று விரல் சேர்ந்து உருட்டுவது, அதுதான் எனக்குச் சரி. பயணத்தில் மட்டும் திங்க்பேடின் நடுவிலிருக்கும் சிவப்புப் பொட்டு. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போக முக்கால் வினாடி, திரும்பவும் கிட்டத்தட்ட அவ்வளவு என்று படித்த டெட் செல்கர், அந்தப் போக்குவரத்தையே ஒழிக்கச் செய்தது அது. 1992இல் ஐபிஎம் வெளியிட்டது.

1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் கீபோர்டு வேலை செய்பவர்களிடம் கை வலி புகார்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பின. அரசுத் தொலைபேசி நிறுவனமான டெலிகாம் ஆஸ்திரேலியா அதன் மையம். வலி உடம்பிலா மனதிலா என்று மருத்துவர்கள் அங்கேயும் வாதாடினார்கள். 1911இன் அதே வாதம். ஆனால் இந்த முறை சந்தைக்குக் காது கேட்டது. 1993இல் ஆப்பிள் நடுவில் விரியும் கீபோர்டு ஒன்றை விற்றது. 1994இல் மைக்ரோசாஃப்ட்டின் நேச்சுரல் கீபோர்டு வந்தது. குளோக்கன்பெர்க் சொன்ன பிளவு அப்போதுதான் சாதாரண அலுவலக மேசைக்கு வந்தது. அரிசோனாவின் டேல் ரெட்டர் இன்னும் ஆழமாகப் போனார். அவருடைய டேட்டாஹேண்டில் ஒவ்வொரு விரலும் ஒரு சிறு கிணற்றில் இறங்கும். முன், பின், இடம், வலம், கீழ் என்று லேசாகத் தட்டினால் போதும். விசையை வில்லுக்குப் பதில் காந்தம் பிடித்திருக்கும். விலை எட்டாத உயரம். உற்பத்தி நின்றுபோன பிறகு அதன் அமைப்பை ஆர்வலர்கள் மறுபடி வரைந்து, 3டி அச்சில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

வேய்ன் வெஸ்டர்மன் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது அவருக்கே கை வலி. விசையை அழுத்தவே முடியாத நிலைமையில், அழுத்தமே வேண்டாத, தொட்டால் போதும் என்கிற ஒரு பரப்பை ஆய்வாக எடுத்துக்கொண்டார். பத்து விரலும் ஒரே சமயத்தில் தொட்டாலும் எது எந்த விரல் என்று அந்தப் பரப்பு பிரித்தறிய வேண்டும். 1999இல் ஆய்வேடு முடிந்தது. பேராசிரியர் ஜான் இலையஸோடு சேர்ந்து ஃபிங்கர்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, எழுத்து வரைந்த தட்டை கீபோர்டுகளை விற்றார். கை நொந்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள். 2005இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது; கீபோர்டு விற்பனை நின்றது. 2007இல் ஐஃபோன் வந்தது. இரண்டு விரலால் படத்தை விரிக்கிறோமே, அந்த நுட்பத்தின் வேர்களில் ஒன்று அந்த நொந்த கைகளில் இருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. நுட்பம் கோடிக்கணக்கான சட்டைப்பைக்குப் போனது நல்லதுதான், ஆனால் அந்தக் கீபோர்டை நம்பி வேலை செய்தவர்களுக்குப் பதில் கருவி ஒன்றும் வரவில்லை. பழையது கெட்டுவிடக் கூடாதே என்று அவர்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

அதனால்தானோ என்னவோ, நிறுவனத்தை நம்பாத கீபோர்டுகள் எனக்கு இப்போது அதிகம் பிடிக்கின்றன. எர்கோடாக்ஸ், டாக்டில், கார்னே என்று வரைபடம் முழுவதும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். டாக்டிலின் குழிகளைப் பார்த்தால் மால்ட்டின் சாயல் அப்படியே தெரியும். நான் பற்றவைத்துச் செய்தது கார்னே. இரண்டு தனிப் பாதி, மொத்தம் 42 விசை. தமிழுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை உட்கார்ந்து அடித்தபோதுதான் உணர்ந்தேன். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசை அமைப்பில் உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. வ, ங இரண்டும் மட்டும் இடப்பக்கக் கீழ் வரிசையில். புள்ளியைப் பல இடங்களில் மென்பொருளே வைத்துவிடும்: ம இரண்டு முறை அடித்தால் முதல் ம தானே ம் ஆகிறது, ங அடித்துக் க அடித்தால் ங்க வருகிறது. அம்மா என்பதற்கு நான்கு தட்டு, பொங்கல் என்பதற்கு ஆறு. கும்பகோணத்தில் ஷிஃப்டைப் பிடித்துப் பிடித்து அடித்த தமிழ்ப் பொறியோடு ஒப்பிட்டால் சுண்டுவிரலுக்குப் பெரிய விடுதலை.

ஒரே ஒரு இடத்தில் இடித்தது. தமிழ்99இல் ச, ஞ இரண்டும் வலது ஓரத்துச் சதுர அடைப்புக்குறி விசைகளில் இருக்கின்றன. கார்னேயின் மேல் வரிசையில் ச வரைக்கும்தான் இடம். ஞ வெளியே நின்றது. வலப்பக்கக் கீழ் வரிசையின் கடைசி விசை வழக்கமாக ஷிஃப்டுக்குப் போகும். அதை எடுத்து, ழவுக்குப் பக்கத்தில் ஞவை வைத்தேன். வலது ஷிஃப்ட் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. அந்த அமைப்புக் கோப்பை, கேட்கிற சப்டைட்டில்காரர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஞவை நடு வரிசைக்கே கொண்டுவர முடியுமா என்று அவர்களில் ஒருவர் இப்போது முயன்று பார்க்கிறார்.